காலிச் சிறைக்கு வேலை தேடுகிறார்கள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிவானி என்று ஒரு சின்ன ஊர். தன்னை 'உலகின் பன்றித் தலைநகரம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. உண்மையில் அதற்குச் சோறு போட்டது பன்றியைவிட பாய்லர்தான். கிவானி பாய்லர் கம்பெனி 2002இல் மூடப்பட்டது. அதற்கு முந்தைய வருடம், 2001இல், மாநில அரசு அங்கே ஒரு சிறார் சிறையைத் திறந்திருந்தது. 2016இல் அதையும் மூடியது. 2017 பிப்ரவரியில் அதே கட்டடம் மறுபடி திறக்கப்பட்டது. இந்த முறை வயது வந்த ஆண் கைதிகளுக்கு. பெயரும் மாறிவிட்டது: வாழ்க்கைத் திறன் மறுபிரவேச மையம். விடுதலைக்குச் சில வருடங்களே பாக்கி இருக்கும் கைதிகளுக்குத் தொழிற்பயிற்சி, படிப்பு, மனநல ஆலோசனை, வெளியே போனால் பேங்க் கணக்கு எப்படித் திறப்பது, நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசுவது என்பது வரை சொல்லிக்கொடுக்கும் இடம். 2018இல் மாநிலத்தின் தென்பகுதியில் மர்ஃபிஸ்போரோ என்ற இன்னொரு சின்ன ஊரிலும் இதையே செய்தார்கள். அதுவும் மூடிக் கிடந்த சிறார் சிறைதான்.

கேட்டால் யாருக்கும் பிடித்துப்போகும் திட்டம். கைதிக்குப் பயிற்சி, ஊருக்கு வேலை, அரசுக்குப் புதுக் கட்டடம் கட்டும் செலவு மிச்சம். எனக்கும் முதலில் பிடித்தது. திட்டத்தின் உள்ளடக்கம் இப்பவும் பிடித்திருக்கிறது. எனக்குச் சண்டை அதன் முகவரியோடுதான்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த நோய் தெரிந்திருக்கும். ஏதோ ஒரு பழைய பிராஜெக்டுக்கு வாங்கின சர்வர் சும்மா இருக்கும். "வாங்கிட்டோம், வீணாப் போகுது, இதுல எதையாவது ஓட்டுங்க" என்று மேலிடத்திலிருந்து வரும். அப்புறம் தேவை என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். கையில் இருக்கிற பெட்டிக்குள் எது அடங்குமோ அதுவே தேவை ஆகிவிடும். இல்லினாய் மாநிலம் இந்த வியாதியில் பழுத்த அனுபவசாலி. மிசிசிப்பி ஆற்றங்கரையில் தாம்சன் என்ற குக்கிராமத்தில் 2001இல் 1,600 அறைகளோடு ஒரு சிறை கட்டினார்கள். ஏறத்தாழ 14 கோடி டாலர் செலவு. நடத்தப் பணம் இல்லாமல் பத்து வருடத்துக்கு மேல் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. 2009இல் குவான்டனாமோ கைதிகளை அங்கே கொண்டுவரலாமா என்று ஒபாமா அரசு யோசித்தது. பெரிய கூச்சல் எழுந்து, அது நடக்கவில்லை. கடைசியில் 2012இல் மத்திய அரசு 16.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. காலிக் கட்டடத்துக்கு யாராவது கைதிகள் கிடைப்பார்களா என்று தேடிய கதை அது. கிவானியும் மர்ஃபிஸ்போரோவும் அதைவிட நல்ல நோக்கம் கொண்டவை. ஆனால் கேள்வி எழுந்த வரிசை அதேதான்: முதலில் கட்டடம், பிறகு அதற்கு ஒரு பயன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தச் சிறார் சிறைகள் ஏன் காலியாயின என்பதைப் பார்க்கணும். 2000களின் நடுவில் இல்லினாய் 'ரீடிப்ளாய் இல்லினாய்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதுவரை ஒரு கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்வோம்) ஒரு பையனைத் தன் ஊரிலேயே வைத்துத் திருத்த நினைத்தால் செலவு கவுன்டியின் தலையில் விழும். மாநிலச் சிறைக்கு அனுப்பிவிட்டால் செலவு மாநிலத்தின் தலையில். எதைச் செய்வார்கள்? அனுப்பித்தான் விடுவார்கள். புதுத் திட்டம் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. சிறைக்கு அனுப்பும் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் கவுன்டிக்கு, பையன்களை ஊரிலேயே, குடும்பத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக் கவனிக்க மாநிலம் பணம் கொடுத்தது. சிறார் சிறைகளில் கூட்டம் குறைந்ததற்கு இது மட்டுமே காரணம் இல்லை. ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று.

அதாவது, ஆளை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திருத்துவது மேல் என்று மாநிலமே கற்றுக்கொண்ட பாடத்தின் விளைவுதான் அந்தக் காலிக் கட்டடம். அந்தக் கட்டடத்தையே எடுத்து, இப்போது பெரியவர்களை வீட்டிலிருந்து தொலைவில் வைத்துத் திருத்தப் பயன்படுத்துகிறார்கள். இந்த முரண் ஏன் பெரிதாகப் பேசப்படவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

எவ்வளவு தொலைவு? இல்லினாய் சிறைகளுக்கு எந்த ஒரு கவுன்டியையும்விட அதிகம் பேரை அனுப்புவது சிகாகோ இருக்கும் குக் கவுன்டி. சிகாகோவிலிருந்து கிவானி சுமார் 150 மைல். அம்ட்ராக் ரயில் அந்த ஊரிலேயே நிற்கும் என்பதால் கிவானிக்குப் பாதி மன்னிப்பு கொடுத்துவிடலாம். காலையில் கிளம்பிப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். மர்ஃபிஸ்போரோ 330 மைல். சென்னையிலிருந்து மதுரையைவிடத் தொலைவு. ரயிலில் கார்பன்டேல் வரை போகவே ஐந்தரை மணி நேரம். அங்கிருந்து இன்னும் எட்டு மைல் யாராவது கொண்டுபோய் விடணும். கார் இல்லாத, மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் ஒரு அம்மா, இரண்டு பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை போய்வர முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

"பயிற்சிதானே முக்கியம், பார்வையாளர் சந்திப்பு ஒரு சலுகைதானே?" என்று கேட்கலாம். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. மினசோட்டா மாநிலச் சிறைத்துறை 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2003க்கும் 2007க்கும் இடையில் விடுதலையான 16,420 பேரை எடுத்துக்கொண்டு, சிறையில் இருந்தபோது யாராவது வந்து பார்த்தவர்களையும், யாரும் எட்டிப் பார்க்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். பார்க்க ஆள் வந்தவர்கள் மறுபடி பெருங்குற்றத்தில் தண்டனை பெறும் அபாயம் 13 சதவீதம் குறைவு. பரோல் விதிகளை மீறித் திரும்ப உள்ளே போகும் அபாயம் 25 சதவீதம் குறைவு. வந்து பார்க்கும் குடும்பம் இருப்பதே ஏற்கெனவே ஒரு பலம், அதனால் எல்லாவற்றையும் சந்திப்பின் கணக்கில் எழுத முடியாது என்பது உண்மை. ஆய்வாளர்களும் மற்ற காரணிகளைக் கழித்துத்தான் இந்த எண்ணுக்கு வந்தார்கள். அப்படியே கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும் மிச்சம் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆள் வெளியே வந்த முதல் ராத்திரி யார் வீட்டில் படுப்பான் என்பது அந்தச் சந்திப்புகளில்தான் முடிவாகிறது.

பயிற்சியின் பலனுக்கும் எண் உண்டு. இத்தகைய திட்டங்களை ஆதரிக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது ராண்ட் நிறுவனத்தின் 2013 ஆய்வு. சிறையில் கல்வி பெற்றவர்களுக்கு மறுகுற்ற வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்பார்கள். இதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது, எனக்கு இதைப் பார்த்தால் கை அரிக்கும். அந்த 43 சதவீதம் ஆங்கிலத்தில் 'ஆட்ஸ்' எனப்படும் விகிதத்தில் வந்த குறைவு. நூறில் எத்தனை பேர் என்ற நேரடிக் கணக்கில் இல்லை. இல்லினாயையே எடுத்துக்கொள்வோம். மாநிலத்தின் தண்டனைக் கொள்கை ஆலோசனைக் குழு 2018இல் சொன்ன கணக்குப்படி, விடுதலையாகிறவர்களில் 43 சதவீதம் பேர் மூன்று வருடத்துக்குள் திரும்ப உள்ளே வருகிறார்கள். (இரண்டு 43உம் தற்செயல், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை.) திரும்புகிறவர் 43, திரும்பாதவர் 57. விகிதம் சுமார் 0.75. அதில் 43 சதவீதத்தைக் குறைத்தால் 0.43. அதை மறுபடி நூறுக்கு மாற்றினால் 30 பேர். ஆக 43 பேர் திரும்பும் இடத்தில் 30 பேர் திரும்புவார்கள். ராண்ட் அறிக்கையே இதைத்தான் 13 சதவீதப் புள்ளி குறைவு என்று தெளிவாகச் சொல்கிறது. பத்திரிகைக்காரர்கள் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு சின்ன எண்ணை விட்டுவிடுகிறார்கள்.

நூறில் 13 பேர் என்பது பிரமாதமான பலன். கேலி செய்யவில்லை. ஒரு மறுகுற்றத்தால் ஏற்படும் மொத்தச் செலவு, பாதிக்கப்பட்டவரின் இழப்பையும் சேர்த்து, சராசரியாக 1,51,662 டாலர் என்று அதே இல்லினாய் குழு கணக்குப் போட்டிருக்கிறது. பயிற்சி காசுக்கு மேல் பலன் தருவதுதான். ஆனால் கிவானியின் பலனை அளக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். அங்கே போக விரும்பும் கைதி விண்ணப்பிக்க வேண்டும், பிறகு தேர்வு செய்யப்படுவார். மாற வேண்டும் என்று தானே கையெழுத்துப் போட்டு வந்தவரை மாநிலச் சராசரியான 43 சதவீதத்தோடு ஒப்பிட்டு "பாருங்கள், எங்கள் மையம் எவ்வளவு பிரமாதம்" என்றால் அது சரியான ஒப்பீடு ஆகாது. விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்களோடுதான் ஒப்பிடணும்.

இனி வேலை. பயிற்சி முடித்தவர் வெளியே வந்து என்ன ஆவார்? டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் சிகாகோவிலிருந்து 90 மைல் வடக்கே மில்வாக்கி நகரில் நடத்திய பரிசோதனை 2003இல் வெளியானது. ஒரே மாதிரித் தகுதி காட்டும் இளைஞர்களை 350 நிறுவனங்களுக்கு வேலை கேட்டு அனுப்பினார். சிறைப் பதிவு இல்லாத வெள்ளையர்களில் 34 சதவீதம் பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பதிவு இருந்தால் 17. கறுப்பினத்தவரில் பதிவு இல்லாதவர்களுக்கே 14தான். பதிவும் இருந்தால் 5. இருபது கதவு தட்டினால் ஒன்று திறக்கும். இந்த 5 என்ற எண்ணை வெல்டிங் சான்றிதழ் கொஞ்சம் நகர்த்தலாம். அதைவிட அதிகமாக நகர்த்துவது, "இந்த ஆளை எனக்குத் தெரியும், ஆறு மாசமா என்கிட்ட வேலை பார்க்கிறான்" என்று சொல்லும் ஒரு முதலாளி என்பது என் எண்ணம். 330 மைல் தள்ளி வேலிக்குள் இருப்பவனுக்கு அந்த முதலாளி எப்படிக் கிடைப்பார்?

சட்டத்தின் பக்கம் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. முடிதிருத்துதல், கூரை வேலை மாதிரி சில தொழில்களில் பழைய தண்டனையைக் காரணம் காட்டி உரிமம் மறுப்பதை இல்லினாய் 2016இல் ஒரு சட்டத் திருத்தம் மூலம் கட்டுப்படுத்தியது. கைதிகளுக்குக் கல்லூரிப் படிப்புக்கான மத்திய அரசின் பெல் உதவித்தொகையும், 1994இல் பறிக்கப்பட்டது, 2023 ஜூலையில் முழுசாகத் திரும்பி வந்தது. இரண்டுமே கட்டடம் கேட்காத சீர்திருத்தங்கள். எந்தச் சிறையில் இருப்பவருக்கும் பயன்படும்.

இந்தக் கதையில் என்னை உண்மையிலேயே கோபப்படுத்திய பகுதி இனிமேல்தான். 2012இல் பட்ஜெட் நெருக்கடியில் அன்றைய கவர்னர் பேட் க்வின் மூடச் சொன்ன பட்டியலைப் பாருங்கள். டாம்ஸ் என்ற அதிகபட்சப் பாதுகாப்புச் சிறை, ட்வைட் பெண்கள் சிறை, ஜோலியட், மர்ஃபிஸ்போரோ சிறார் சிறைகள். ஊழியர் சங்கம் நீதிமன்றம் போனது, மாதக்கணக்கில் வழக்கு நடந்தது, டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தடையை நீக்க, வேலை முடிந்தது. ஊடகக் கவனம் முழுக்க டாம்ஸ் மேல். அதே பட்டியலின் வாலில் கார்பன்டேல், டிகேட்டர், சிகாகோ ஊர்களில் இருந்த மூன்று இடைநிலை மையங்களும் மூடப்பட்டன.

இடைநிலை மையம் என்பது என்ன? தண்டனையின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர் காலையில் வெளியே போய் நிஜமான வேலை பார்த்துவிட்டு, இரவு வந்து படுக்கும் இடம். சம்பளம் வாங்குவார், அதில் ஒரு பங்கு மையத்துக்குக் கட்டுவார், மிச்சத்தைச் சேமிப்பார். விடுதலையாகும் நாளில் அவருக்கு ஏற்கெனவே ஒரு வேலையும், தன்னைத் தெரிந்த ஒரு முதலாளியும் இருப்பார்கள். பேஜர் காட்டிய சுவரில் அரசாங்கம் வைத்த கதவு அது. கார்பன்டேலில் இருந்த அந்த மையம், மர்ஃபிஸ்போரோவிலிருந்து வெறும் எட்டு மைல். பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, ஓட்டல்கள், ரயில் நிலையம் எல்லாம் இருக்கும் ஊர்.

இரண்டையும் ஒரே நேரத்தில் மூடினார்கள். ஐந்து வருடம் கழித்து, "கைதிகளை வேலைக்குத் தயார்படுத்தணும்" என்று முடிவு செய்தபோது, எதைத் திறந்தார்கள்? ஆட்கள் நிஜமாகவே வேலைக்குப் போய்வந்த மையத்தை இல்லை. வேலி போட்ட சிறையை.

காரணம் சொல்ல பெரிய சதிக் கோட்பாடு எதுவும் வேண்டாம். சிறை பெரிய கட்டடம், கண்ணுக்குத் தெரியும் சொத்து. காலியாகக் கிடந்தால் அரசியல்வாதிக்கு வெட்கம். இருபத்து நாலு மணி நேரமும் மூன்று ஷிஃப்டில் காவலர், சமையல், பராமரிப்பு என்று ஆட்கள் வேண்டும். அது உள்ளூர் எம்.எல்.ஏ. அறிவிக்கக்கூடிய வேலை எண்ணிக்கை. இடைநிலை மையத்துக்கு அந்த அளவு ஆள் தேவையில்லை. அங்கே வேலை கிடைப்பது கைதிக்கு. இங்கே வேலை கிடைப்பது ஊருக்கு. மறுவாழ்வு என்று சொன்னார்கள், யாருடைய மறுவாழ்வு என்று சொல்லவில்லை.

ஊரைக் குறை சொல்லவில்லை. ஜான் ஈசன் என்ற சமூகவியலாளர் அர்கன்சாவின் ஃபாரஸ்ட் சிட்டியை வைத்து 2017இல் எழுதிய புத்தகம் இதில் எனக்குப் பெரிய உதவி. சின்ன ஊர்கள் முட்டாள்தனமாகச் சிறையைக் கேட்பதில்லை, அவற்றின் முன் வேறு நல்ல தேர்வுகளே இல்லை என்பதை அனுதாபத்தோடு காட்டுகிறார். பாய்லர் கம்பெனி போன கிவானிக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் மொத்தக் கணக்கு ஊர்களுக்கும் சாதகமாக இல்லை. கிரெகரி ஹூக்ஸும் சகாக்களும் 1969 முதல் 1994 வரை அமெரிக்கக் கவுன்டிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரையில், சிறை வந்ததால் வேலைவாய்ப்பு வளர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஊருக்கு உறுதியாகக் கிடைத்த ஒரு லாபம் மக்கள்தொகைக் கணக்கு: ஓட்டுப் போட முடியாத கைதிகளை, சிறை இருக்கும் ஊர்வாசிகளாக எண்ணி அதற்கேற்பத் தொகுதி வரைந்தார்கள். இல்லினாய் 2021இல்தான் இதை நிறுத்தச் சட்டம் போட்டது.

அப்படியானால் காலிச் சிறைகளை இடித்துவிடணுமா? அவசியமில்லை. வட கரோலினாவில் வாக்ரம் என்ற கிராமத்தில் 2001இல் மூடப்பட்ட ஒரு சிறையை நோரன் சான்ஃபோர்ட் என்ற மனநல ஆலோசகர், 2011இல் தான் தொடங்கிய 'க்ரோயிங் சேஞ்ச்' அமைப்பு மூலம் பண்ணையாக மாற்றிவருகிறார். 67 ஏக்கர். ஆடு, தேனீ, காய்கறி. காவல் கோபுரத்தை ஏறி விளையாடும் சுவராகவும், சிறை அறைகளை மீன்தொட்டிகளாகவும் ஆக்குவது திட்டம். அங்கே வேலை கற்றுக்கொள்பவர்கள் அதே பகுதியில் வாழும், நீதிமன்றத்தில் சிக்கிய பையன்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மெதுவாக நகரும், பணத்துக்குத் திண்டாடும் முயற்சிதான். படங்களில் தெரியும் அளவு அழகாக எல்லாமே நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கட்டடத்துக்கும் அதில் வரும் ஆட்களுக்கும் உள்ள தூரம் சரியாக இருக்கிறது. கிராமத்துச் சிறை, கிராமத்துப் பையன்கள்.

அந்த அளவுகோலில் மர்ஃபிஸ்போரோவையும் காப்பாற்றலாம். தென் இல்லினாய்க்கே திரும்பப் போகும் கைதிகளும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சரியான இடம். அவர்களை மட்டும் அங்கே எடுக்கட்டும். சிறார் சிறை என்பதால் வகுப்பறைகளும் அங்கே ஏற்கெனவே உண்டு. வேலியைத் தாண்டி கார்பன்டேலுக்கு ஒரு வேன் தினமும் காலையும் மாலையும் ஓடினால், 2012க்கு முன் இருந்ததில் பாதியாவது திரும்பி வரும். சிகாகோ ஆட்களுக்கு சிகாகோவிலேயே கூடுதல் இடைநிலை மையம் திறக்கணும். இது அரசியல்ரீதியாகக் கஷ்டம் என்று தெரியும், எந்த வார்டிலும் "எங்க தெருவுல வேண்டாம்" என்பார்கள். கிராமம் 'வாங்க' என்கிறது, நகரம் 'வராதே' என்கிறது, மையம் எங்கே போகும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

இந்த மையங்களைப் பற்றி வரும் செய்திகளில் எத்தனை சான்றிதழ் கொடுத்தார்கள் என்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். நான் பார்க்க விரும்பும் அட்டவணை வேறு. விடுதலையாகிப் போன கவுன்டி, கற்ற தொழில், உள்ளே இருந்தபோது எத்தனை முறை குடும்பம் வந்து பார்த்தது, ஆறு மாதம் கழித்து வேலை இருக்கிறதா, இருந்தால் அது கற்ற தொழிலிலா. ஐந்தே நிரல். இதை கிவானிக்கு ஒன்று, மர்ஃபிஸ்போரோவுக்கு ஒன்று, இன்னும் இயங்கும் பியோரியா, ஆரோரா இடைநிலை மையங்களுக்கு ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.